கடல் இடக்கைப் பக்கம் இருக்கட்டும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை அம்மாவும் நானும் நிதானமாக வாசித்தோம். கட்டுநாயக்காவில் இறங்கிய மறுநாளே சிகிரியா, பிறகு கண்டி, நுவரெலியா, யால, மிரிச, காலி, கொழும்பு என்று சுற்றிவிட்டு, மிஞ்சும் நாட்களை யாழ்ப்பாணத்துக்கு ஒதுக்கியிருக்கிறாய். இலங்கைக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளுக்காக எழுதப்படும் திட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. அவை மார்கழி, தை மாதங்களில் வருகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நீங்கள் வருவதோ பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில், ஆனியின் பிற்பகுதியிலும் ஆடியிலும். எந்தக் கரைக்கு எத்தனை நாள் என்பதை அந்தக் காலத்தில் காற்றுத்தான் தீர்மானிக்க வேண்டும்.

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. அது சுமந்து வரும் மழையைக் கொழும்பு, காலிக் கரையும் மலைநாட்டின் மேற்குச் சரிவும் வாங்கிக்கொள்கின்றன. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அந்தக் காற்றில் ஈரம் இருப்பதில்லை. அதனால் ஆடி மாதத்தில் தெற்கிலும் மேற்கிலும் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்க, திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும் குளத்துத் தண்ணீர் போல அமைதியாகக் கிடக்கும். மிரிசவில் திமிங்கிலம் பார்க்கலாம் என்று குறித்திருக்கிறாய். அங்கே அந்தப் படகுகள் ஓடுகிற காலம் கார்த்திகையிலிருந்து சித்திரை வரை. பிள்ளைகள் கடலில் இறங்கி விளையாட வேண்டும் என்பதுதானே இந்தப் பயணத்தின் முக்கிய நோக்கம்? அப்படியானால் மொத்த நாட்களில் பாதிக்கு மேல் கிழக்கிலே கழிய வேண்டும். தெற்கையும் மேற்கையும் பார்த்துக்கொண்டே கடந்துவிடலாம்.

ஆகவே, கொழும்பிலிருந்து நேரே இங்கே வந்து, நித்திரைக் கணக்குச் சரியாகும் வரைக்கும் வீட்டில் இருங்கள். பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, கிழக்குக் கரையால் இறங்கி, தெற்கைச் சுற்றி, மேற்கால் ஏறித் திரும்புவோம். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. நம் நாட்டில் வாகனம் வீதியின் இடப்பக்கம் ஓடுவதால், இந்தத் திசையில் சுற்றும்போது கடல் எப்போதும் இடக்கைப் பக்கமே இருக்கும். நாம் பிடிக்கும் வான் வண்டியின் கதவும் இடப்பக்கம்தான் திறக்கும். நிறுத்த வேண்டும் என்று சின்னவள் கேட்கும் இடத்திலெல்லாம் வீதியைக் குறுக்கறுக்காமல் இறங்கிக்கொள்ளலாம். வீதித் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவனுக்கு இப்படியான கணக்குகள்தான் முதலில் தோன்றும் என்று அம்மா சிரிக்கிறாள்; சிரிக்கட்டும்.

மருமகன் தானே வாகனம் ஓட்ட விரும்புவதாக எழுதியிருந்தாய். அவருடைய ஓட்டத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் சர்வதேச அனுமதிப் பத்திரத்தை இங்கே மறுபடி அங்கீகரிக்கச் செய்ய வேண்டும் என்பது ஒரு புறமிருக்க, வளைவில் முந்திவரும் தனியார் பஸ், வெளிச்சமில்லாத சைக்கிள், வீதியிலே காயப்போட்ட நெல், நடுவீதியில் அசைபோடும் மாடு எல்லாவற்றையும் ரொறன்ரோ நெடுஞ்சாலையில் பழகிய ஒருவர் ஒரே கிழமையில் பழகிக்கொள்ள முடியாது. அவரும் விடுமுறையில்தானே வருகிறார், யன்னலால் வெளியே பார்க்கட்டும். சாரதியோடு ஒரு ரொயோட்டா கே.டி.எச். வான் போதும், ஏழு பேரும் பெட்டிகளும் தாராளமாக அடங்கும். சாரதிக்கும் இரவில் படுக்கை, சாப்பாடு கிடைக்கும் விடுதிகளாகப் பார்த்துப் பதிவு செய். சரியாக நித்திரை கொள்ளாத சாரதியோடு பயணம் செய்ய நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். சின்னவளின் குழந்தை இருக்கையை அங்கிருந்தே கொண்டு வா. இங்கே வாடகை வானில் அது இருக்காது.

சுற்று முழுவதும் 1,300 முதல் 1,500 கிலோமீற்றர் வரை வரும். கனடாவில் அது இரண்டு நாள் ஓட்டமாக இருக்கலாம். இங்கே அதிவேகப் பாதை தவிர்ந்த இடங்களில் மணிக்கு 40 கிலோமீற்றர் என்றே நான் கணக்குப் போடுவேன். பகல் சாப்பாட்டுக்கு முன்னே ஓட்டம் முடிந்துவிட வேண்டும், பொழுதுபட்ட பின் வீதியில் இருக்கவே கூடாது என்ற இரண்டையும் நீ ஏற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் உன் விருப்பம். இருட்டில் ஓடக்கூடாது என்பதற்கு யானைதான் காரணம். வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்குப் போகும் பாதையும், பொத்துவிலிலிருந்து மொனறாகலைக்கு ஏறும் பாதையும் யானைகள் குறுக்கறுக்கிற பாதைகள்.

முதல் நாள் ஆனையிறவு, கிளிநொச்சி கடந்து முறிகண்டியில் நிற்போம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எந்தச் சாரதியும் அந்த இடத்தைத் தாண்ட மாட்டார். அங்கே விற்கும் கச்சானை (நிலக்கடலை) வாங்கிக்கொண்டால் வவுனியா வரைக்கும் பிள்ளைகள் கேள்வி கேட்காமல் வருவார்கள். அங்கிருந்து திருகோணமலை. நிலாவெளியில் தங்கி ஒரு காலையைப் புறாத்தீவுக்கு ஒதுக்க வேண்டும். 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட சிறிய பவளத்தீவு அது. கரையிலிருந்து படகில் சிறிது நேரம்தான். மூத்தவன் முகக்கண்ணாடி போட்டு நீந்தினால் சின்னச் சுறாக்களைக்கூடக் காணலாம், அவை ஒன்றும் செய்யாது. சனி, ஞாயிறில் சனம் நெருக்கும் என்பதால் வார நாளில், விடியவே போய்விட வேண்டும். பவளத்தை மிதிக்கக் கூடாது என்பதை இப்போதே அவனுக்குச் சொல்லிவை. கோணேசர் கோயிலுக்கு மாலையில் ஏறுவோம். கோட்டை வாசலுக்குள் நுழைந்ததும் புள்ளிமான்கள் பயமில்லாமல் கிட்ட வரும். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களை எடுத்துக் கோட்டை கட்டிய கதையை அங்கே வைத்து நான் மூத்தவனுக்குச் சொல்ல இருக்கிறேன். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் பக்கத்திலேயே இருக்கின்றன. அரை மணி நேரம் போதும்.

அடுத்த நாள் ஓட்டத்தைத்தான் நான் மிகவும் எதிர்பார்த்திருக்கிறேன். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதி உன் திட்டத்தில் இடம்பெறவே இல்லை. மகாவலி கடலில் கலக்கும் இடம் என்பதால், ஆற்றின் கிளைகளும் களப்புகளும் கொட்டியாரக் குடாவின் தென்கரையைத் துண்டு துண்டாக வெட்டிப்போட்டிருக்கின்றன. நான் வேலைக்குப் போன காலத்தில் கிண்ணியாவில் ‘பாதை’ என்று சொல்லும் ஒரு மிதவை, உப்பாற்றில் ஒரு பாதை, மகாவலி கங்கையில், இறால்குழியில், வெருகலில் என்று ஒவ்வொரு துறையிலும் வாகனத்தைப் பாதையில் ஏற்றிக் கயிறு இழுத்துக் கடக்க வேண்டும். காற்று மாறினால் இக்கரையிலேயே சமைத்துச் சாப்பிட வேண்டியதுதான். பிறகு போர் வந்தது, அந்த வீதியே இல்லாமற்போனது. 2009 இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலமும் அதற்குப் பின்னர் மற்ற ஆறுகளுக்குக் கட்டிய பாலங்களும் வந்த பிறகு, முழு நாளும் தின்ற அந்த வழியை ஒரு காலைப்பொழுதில் ஓடிவிடலாம். ஆனாலும் ஓடிவிடாமல், கிண்ணியாப் பாலத்துக்கு இப்பால் நிறுத்தி எல்லோரும் நடந்து கடப்போம். வெருகலில் சித்திர வேலாயுதர் கோயில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. வாகரைப் பக்கத்தில் ஒரு கையில் கடலும் மறு கையில் களப்புமாக வீதி போகும். ஓட்டமாவடியில் முன்பு புகைவண்டியும் வாகனமும் மாறி மாறிப் போன இரும்புப் பாலம் புதிய பாலத்தின் பக்கத்திலே இன்னும் நிற்கிறது.

பாசிக்குடாவில் குறைந்தது மூன்று இரவுகள் தங்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. கரையிலிருந்து வெகுதூரம் நடந்த பின்னும் தண்ணீர் இடுப்பளவில்தான் இருக்கும். சின்னவளுக்கு இந்தத் தீவில் இதைவிட நல்ல கடல் கிடையாது. மட்டக்களப்பு நகரத்தை ஒரு மாலையில் பார்க்கலாம். கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடும் என்பார்கள். நிலாக் காலத்தில் தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீரில் வைத்துக் காதைக் கொடுத்தால் கேட்கும் என்பது அவ்வூரவர் சொல்வது, மூத்தவன் கேட்டுப் பார்க்கட்டும். எருமைத் தயிரைச் சட்டியோடு வாங்க மறக்க வேண்டாம். மட்டக்களப்புக்குத் தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று பொத்துவில் வரைக்கும் ஊர்கள் விடாமல் தொடரும். மருதமுனையில் நெசவுச் சாரமும் சேலையும் தறியடியிலே வாங்கலாம் என்பதால் அன்றைக்கு உன் அம்மாவின் நேரம் என் கணக்கில் அடங்காது. அறுகம்குடாவில் சித்திரை முதல் ஐப்பசி வரை அலைச்சறுக்கு நடக்கும்; பழகுகிறவர்களுக்கென்று அலை குறைந்த பகுதி இருக்கிறது, மருமகன் ஆசைப்பட்டால் ஒரு நாள் அதற்கு.

பாணமைக்குத் தெற்கே கரையோர வீதி நின்றுவிடுகிறது. குமண, யாலக் காடுகள் கடலைத் தொட்டுக்கொண்டு கிடப்பதால் வாகனம் உள்நாட்டுப் பக்கம் வளைந்தே போக வேண்டும். கதிர்காமத் திருவிழாவை ஒட்டி, தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து நடந்து வரும் பாதயாத்திரைக்காரருக்கு மட்டும் உகந்தையிலிருந்து குமுக்கன் ஆறு தாண்டும் காட்டுவழி திறக்கப்படும். நாம் கடலோரமாக முடிக்க முடியாத வட்டத்தை அவர்கள் காலால் முடிக்கிறார்கள். நாம் மொனறாகலை, வெல்லவாய வழியாகப் போவோம். நுவரெலியாவை விட்டதற்கு நீ முகம் சுளிப்பாய் என்பதால், வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறி ஓர் இரவு தங்கலாம். மலையின் அந்தச் சரிவு ஆடியில் காய்ந்திருக்கும், காற்று மட்டும் பலமாக அடிக்கும். ஒன்பது வளைவுப் பாலத்தில் புகைவண்டி வரும் நேரத்தைக் கேட்டறிந்து போவோம். அங்கிருந்து இறங்கும்போது புத்தலையால் கதிர்காமத்துக்குப் போகும் காட்டுவீதியைத் தவிர்த்து, தணமல்விலைப் பக்கமாகவே திஸ்ஸமகாராமைக்குப் போக வேண்டும். அந்தக் காட்டுவீதியில் பழமும் பிஸ்கட்டும் கொடுத்துப் பழக்கிவிட்ட யானைகள் வாகனங்களை மறிக்கின்றன. யானையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

யாலவில் ஒரு காலைச் சவாரி. சிறுத்தை தென்படும் என்று பிள்ளைகளுக்கு உறுதி கொடுக்காதே. கதிர்காமத்தில் ஆடிவேல் விழா நடக்குமானால் திஸ்ஸவில் அறை கிடைப்பது கடினம், முன்கூட்டியே பதிவு செய். தெற்குக் கரையில் தெவிநுவரவில் நிற்போம். நம்மவர் தொண்டீச்சரம் என்று சொல்லும் கோயில் அங்கேதான் இருந்தது. சீனக் கடற்தளபதி செங் ஹே 1409 இல் எழுதுவித்த கல்வெட்டில் சீனமும் பாரசீகமும் தமிழும் இருக்கின்றன. தமிழ்ப் பகுதி அந்தத் தலத்துத் தெய்வமான தெனாவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. 1911 இல் காலியில் கிடைத்த அந்தக் கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலிக் கோட்டையை மாலையில் நடந்து பார்த்துவிட்டு, கொழும்பில் அந்தக் கல்லை மூத்தவனுக்குக் காட்டிவிடலாம். காலியிலிருந்து கொழும்புக்கு அதிவேகப் பாதைதான். அதில் பார்க்க ஒன்றும் இல்லை, பிள்ளைகள் தூங்கட்டும்.

மேற்குக் கரையில் முன்னேஸ்வரத்தில் ஒரு கும்பிடு. புத்தளத்துக்கு வடக்கே வில்பத்துக் காடு குறுக்கே கிடப்பதால் அநுராதபுரம், மதவாச்சி சுற்றி மன்னாருக்குப் போவோம். மன்னாரில் ஓர் இரவு. பெருக்கமரம், கழுதைகள், தலைமன்னார்த் துறை, திருக்கேதீச்சரம் எல்லாம் பார்க்க அது போதும். 2020 டிசம்பரில் தொடக்கி வைக்கப்பட்ட காற்றாலைகள் அந்தக் கரையில் வரிசையாகச் சுழல்வதைக் கண்டால், இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் காற்றைப் பற்றி நான் அவ்வளவு எழுதியது ஏன் என்று மருமகனுக்கு விளங்கும். அங்கிருந்து பூநகரி வந்து, 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் குடாநாட்டுக்குள் நுழைந்தால் பகல் சாப்பாட்டுக்கு வீடு.

ஆடி அமாவாசைக்கு முதல் நாளாவது நான் வீட்டில் நிற்க வேண்டும்; அப்பப்பாவுக்கான விரதத்தைக் கீரிமலையில்தான் முடிக்க விரும்புகிறேன். அதற்கு ஆறாம் நாள் நல்லூரில் கொடி ஏறிவிடும். கொடியேறினால் இருபத்தைந்து நாளும் நம் வீட்டில் மச்ச மாமிசம் இல்லை என்பது உனக்குத் தெரியும். நண்டும் இறாலும் சாப்பிட வேண்டும் என்று மருமகன் எழுதியிருப்பதால், அவர் பொருட்டாவது சுற்றுப் பயணம் முன்னே, திருவிழா பின்னே என்று வைத்துக்கொள்வதுதான் புத்தி. உங்கள் விமானச் சீட்டை அதற்கேற்ப எடு. கண்டியும் சிகிரியாவும் அடுத்த முறைக்கு இருக்கட்டும்; சின்னவள் வளர்ந்து சிகிரியாப் படிகளைத் தானாக ஏறுவாள், நீ அவளைத் தூக்கிக்கொண்டு ஏறத் தேவையில்லை.

வான்காரர் முற்பணம் கேட்கிறார். நீ வரும் திகதியை உறுதிசெய்தால் வருகிற ஞாயிறே கொடுத்துவிடுவேன். பாசிக்குடா விடுதியில் கீழ்த்தள அறையாகக் கேட்டுப் பதிவு செய். அம்மாவின் முழங்காலுக்குப் படி ஏறுவது இப்போது சிரமம், அவள் இதை உனக்குச் சொல்ல மாட்டாள்.

அன்புடன்,
அப்பா