நான்கு நாடு வேண்டாம், ஓர் ஆறு போதும்

லுசாகா
ஜனவரி 11

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. பேத்திக்குக் காது குத்தியது, கமலாவின் முட்டிவலி, தெருவில் மறுபடி தோண்டிப் போட்ட பள்ளம் என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்துவிட்டேன். இங்கே அடைமழை. கறையான் புற்றில் முளைக்கும் காளானைச் சாலையோரம் நின்று விற்கிறார்கள், ஒவ்வொன்றும் விரித்த குடை மாதிரி. வசந்தா நேற்று ஒன்று வாங்கி மிளகு போட்டு வறுத்தாள். ஒரே காளான், மூன்று பேர் சாப்பிட்டு மீந்தது.

இப்போது உன் காட்டுப் பயணப் பட்டியலுக்கு வருகிறேன். பதினைந்து நாளில் சாம்பியா, மொசாம்பிக்கில் கொரொங்கோசா காடு, தான்சானியாவில் கட்டாவி காடும் மஹாலே சிம்பன்சியும், முடிந்தால் சாட் நாட்டு ஸகூமா காடு. சுந்தரம், இது டூர் இல்லை, மாறுதல் உத்தரவு. இதில் பாதி நாள் ஏதோ ஒரு விமான நிலையத்தில் ரொட்டியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். போன வருஷம் கென்யாவின் மாசாய் மாராவிலிருந்து நீ அனுப்பிய படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. சிங்கம் ஒன்று, அதைச் சுற்றி வண்டி பதினெட்டு, எண்ணிப் பார்த்தேன். கூட்டம் பிடிக்கவில்லை என்று எழுதியவனே நீதான். ஆனால் இந்தப் பட்டியலைப் பார்த்தால் அதே அவசரத்தை ஆளில்லாத காட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறாய் போலிருக்கிறது.

முதல் தடவை வருகிறவனுக்கு யானை, சிங்கம், காட்டெருமை எல்லாம் கண்ணில் பட்டாக வேண்டும். அது நியாயம். உனக்குத்தான் அந்தக் கடன் தீர்ந்துவிட்டதே. அதனால் இந்தத் தடவை இடத்தை முடிவு செய்யாதே, மாதத்தை முடிவு செய். மாதம் முடிவானால் இடம் தானாக அமையும்.

செப்டம்பர் என்றால் இங்கே சாம்பியாவின் தெற்கு லுவாங்வா. ஒன்பதாயிரம் சதுர கிலோமீட்டர் காடு, ஓரத்தில் வளைந்து வளைந்து ஓடும் ஆறு. மழை நின்று மாதக்கணக்காகியிருக்கும். குட்டைகள் வற்றி, மிருகமெல்லாம் ஆற்றுக்கு இறங்கும். கரைச்சுவர் முழுக்கப் பொந்து போட்டுச் செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் குடியிருக்கும். தூரத்தில் பார்த்தால் மண் சிவந்து நகர்கிற மாதிரி. மாரா காப்பகத்துக்குள் பொழுது சாய்ந்தால் உள்ளே வண்டி ஓட்ட விட மாட்டார்கள். இங்கே விளக்கோடு இரவிலும் போகலாம். சிறுத்தை பார்க்க வேண்டுமென்றால் அதுதான் நேரம்.

ஆனால் நான் உன்னைக் கூப்பிடுவது வண்டியில் ஏற இல்லை, நடக்க. காட்டுக்குள் ஆளை நடத்திக் கூட்டிப்போவதை இங்கே தொடக்கிவைத்தவர் நார்மன் கார் என்ற வெள்ளைக்காரர். எல்லாரும் துப்பாக்கி எடுத்து வேட்டைக்கு வந்த காலத்தில், சும்மா பார்க்கவும் ஆள் வருவான், அந்தக் காசு ஊர்க்காரனுக்குப் போகட்டும் என்று ன்செஃபு என்ற பழங்குடித் தலைவரிடம் பேசி 1950-ல் ஒரு முகாம் போட்டார். அந்தப் பகுதிக்கு இன்றைக்கும் ன்செஃபு என்றுதான் பெயர்.

விடிவதற்கு முன்னால் கிளம்புவோம். முன்னே துப்பாக்கியோடு வனக்காவலர், அடுத்து வழிகாட்டி, அவர் பின்னால் நாம் ஒற்றை வரிசையில், கடைசியில் தேநீர்க் கூடையோடு ஒருவர். ஆறேழு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. வழிகாட்டி சாம்பல் கட்டிய சின்னத் துணிமூட்டையை அடிக்கடி உதறிக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். என்ன வந்தாலும் ஓடாதே என்பது ஒன்றுதான் சட்டம். போன முறை ஒரு கிழட்டு ஆண் யானை வளைவில் எதிரே வந்துவிட்டது. புற்று ஒன்றின் பின்னால் பத்து நிமிஷம் நின்றோம். அது எங்களுக்காக நிற்கவில்லை, புளியமரத்துக்காக நின்றது. ஆமாம், புளியமரமேதான், காட்டில் தானாக வளர்வது. அது உலுக்கித் தின்றுவிட்டுப் போன பிறகு வசந்தா இரண்டு பழம் பொறுக்கினாள். வழிகாட்டி சிரித்துக்கொண்டே, காட்டிலிருந்து எதையும் எடுக்கக் கூடாதம்மா என்று கீழே போடச் சொன்னார்.

அன்றைக்கே இன்னொன்று. வழிகாட்டி குனிந்து, பொடிமணலில் இருந்த குட்டிக் குழியின் விளிம்பைப் புல்லால் கிளறினார். உள்ளே மண் தெறித்தது. உனக்கே தெரியும் அது என்ன. உன் பாட்டி வீட்டுத் திண்ணைக்கு அடியில் நாம் எத்தனை பிடித்திருப்போம். இங்கே அதை எறும்புச் சிங்கம் என்கிறார்கள். எங்கள் ஊரில் இது குழியானை என்றேன். அவருக்கு ஒரே சிரிப்பு. ஒரு பூச்சியை ஒருத்தன் சிங்கம் என்கிறான், ஒருத்தன் யானை என்கிறானே என்று முகாம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். வண்டியில் போயிருந்தால் அந்தக் குழிமேல் சக்கரம் ஏறியிருக்கும்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டாதே. தெற்கு லுவாங்வாவில் காண்டாமிருகம் கிடையாது. கள்ளவேட்டையில் மொத்தமும் அழிந்தது. 2003-லிருந்து வடக்கு லுவாங்வாவில்தான் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் இந்தப் பள்ளத்தாக்கைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒட்டகச்சிவிங்கி ஒன்று இருக்கிறது, தார்னிகிராஃப்ட் என்று பெயர்.

நவம்பரில்தான் வர முடியும் என்றால் கதை வேறு. மழை இறங்கினால் ஆற்றோரத்து நாணல் முகாம்களைப் பிரித்துவிடுவார்கள். பிரிக்காவிட்டால் வெள்ளம் பிரிக்கும். அப்போது கசாங்கா. காங்கோ பக்கமிருந்து லட்சக்கணக்கில் பழந்தின்னி வௌவால் வந்து, சின்னச் சதுப்புக் காடு ஒன்றில் தொங்கும். கிளை பாரம் தாங்காமல் முறியும். பொழுது சாய்ந்ததும் மொத்தமும் கிளம்பி வானத்தை மூடும். பக்கத்திலேயே சித்தம்போ, ஆப்பிரிக்கா முழுக்கச் சுற்றிய ஸ்காட்லாந்துப் பாதிரி லிவிங்ஸ்டன் 1873-ல் இறந்த ஊர். இதயத்தை இங்கே மரத்தடியில் புதைத்துவிட்டு, உடலை அவர் ஊருக்கு அனுப்பினார்கள்.

அதே நவம்பரில் மேற்குக் கோடியில் லியுவா சமவெளி. வில்டபீஸ்ட் என்ற மாட்டுமுக மான் மந்தை மந்தையாக வரும், பார்க்க ஆள் இருக்க மாட்டான். லோசி இன மக்களின் அரசர் லெவானிகா பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே காத்துவைத்த நிலம். நடுவில் எல்லாம் கெட்டுப்போய், ஒரே ஒரு பெண் சிங்கம்தான் மிஞ்சியது. துணையில்லாமல் மனிதர்கள் தங்கும் கூடாரத்துப் பக்கமாக வந்து படுத்துக்கொள்ளுமாம். பிறகு வேறு சிங்கங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தப் பெண் சிங்கம் 2017-ல் இறந்தது. நான் முதல் தடவை போனபோது வண்டி மணலில் புதைந்து, டயர் காற்றை இறக்கி ஏற்றி இறக்கி ஒரு பகல் போயிற்று. கசாங்காவும் லியுவாவும் ஒரே மாதம்தானே, இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று உடனே கணக்குப் போடுவாய். இரண்டும் நாட்டின் எதிரெதிர் கோடி. சேர்க்காதே.

என் யோசனை: செப்டம்பர், லுவாங்வா மட்டும், ஒன்பது நாள், இரண்டே முகாம், நடுவில் நடை. வௌவாலை மூன்றாவது தடவைக்கு வைத்துக்கொள்.

சில்லறை விஷயங்கள். நீலச் சட்டை, கறுப்புச் சட்டை எதுவும் வேண்டாம். ட்செட்சே ஈ அந்த நிறத்துக்கு வரும். அதைப் பிடிக்கிற பொறியையே நீலமும் கறுப்புமான துணியில்தான் செய்கிறார்கள். கடித்தால் ஊசி மாதிரி இருக்கும். சின்ன விமானத்தில் பதினைந்து கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், அதுவும் துணிப்பை. உன் சக்கரப் பெட்டியை வீட்டில் வை. மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கு. ஆளை விமானத்தில் தூக்கிப்போக வழி செய்கிற காப்பீடு இல்லாமல் கிளம்பாதே. கமலா சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இங்கத்துச் சாப்பாடான ந்ஷிமா என்பது வெள்ளை மக்காச்சோளக் களி, அவ்வளவுதான். பூசணி இலையை வேர்க்கடலைப் பொடி போட்டுச் சமைப்பார்கள், நம் பொரியலுக்குச் சம்பந்தி. முட்டி மட்டும்தான் யோசனை. அவள் நடக்க முடியாவிட்டால் காலையில் முகாமிலேயே உட்காரட்டும். எதிரே ஆற்றில் நீர்யானைகள் நாள் முழுக்கச் சண்டை போடும், தெருவில் தண்ணீர் லாரி வந்த மாதிரி இருக்கும். நீ இன்றிலிருந்து மருதமலைப் படி ஏறு.

முகாமில் கட்டில் பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும், செப்டம்பருக்கு இப்போதே கேட்கிறார்கள். மாதக் கடைசிக்குள் தேதி சொல். வரும்போது வசந்தாவுக்கு உப்பு நார்த்தங்காய் ஒரு பொட்டலம், அந்தப் பதினைந்து கிலோவுக்குள்.

உன்,
மணி