லைசோசோமுக்கு அந்தப் பெயர் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் மாணவர் இணைப்பில் யூகேரியோட்டிக் செல்லை, அதாவது உட்கரு உள்ள செல்லைப் பற்றி வந்த இரண்டு பக்கங்களையும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். உட்கரு, எண்டோபிளாச வலை, மைட்டோகாண்ட்ரியா எல்லாம் நல்ல படங்களோடு இருந்தன. செல்லுக்குள் பழையதைச் செரிக்கும் சின்னஞ்சிறு பையான லைசோசோமின் படத்துக்குக் கீழே மட்டும் 'செல்லின் தற்கொலைப் பைகள்' என்று ஒரே வரி. பை உடைந்தால் உள்ளிருக்கும் நொதிகள் செல்லையே செரித்துவிடும் என்ற எண்ணத்தில் வைத்த பெயர் அது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

இருபத்தாறு ஆண்டுகள் உயிரியல் நடத்தியவள் நான். நானும் அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 'லைசோசோம்' என்று விடையைச் சரியாக எழுதிவிட்டு, வினாத்தாளில் இருந்த 'தற்கொலை' என்ற சொல்லை மட்டும் தாள் கிழியும் அளவுக்குப் பேனாவால் அடித்து அடித்துக் கறுப்பாக்கியிருந்தாள். அவள் வீட்டில் அந்த ஆண்டு நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அதற்கப்புறம் அந்தச் சொல்லை நான் வகுப்பில் உச்சரித்ததில்லை.

பிள்ளைகளின் மனம் நோகும் என்பது ஒரு காரணம். அந்தப் பெயர் அறிவியலுக்கும் பொருந்தவில்லை என்பது மற்றொன்று. லைசோசோமுக்குள் புரதம், கொழுப்பு, சர்க்கரை, நியூக்ளிக் அமிலம் ஆகியவற்றை உடைக்கும் நொதிகள் அறுபது வகை வரை இருக்கின்றன. உள்ளே பி.எச். அளவு, அதாவது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும் அளவு, ஐந்துக்கும் சற்றுக் குறைவு. வெளியே செல்லை நிரப்பியிருக்கும் சைட்டோபிளாசத்தில் 7ஐ ஒட்டி இருக்கும். அமிலத்தில் வேலை செய்யப் பழகிய நொதிகள் கொஞ்சம் வெளியே கசிந்தாலும் அங்கே பெரும்பாலும் வீரியம் இழந்துவிடுகின்றன. செல் திட்டமிட்டு இறக்கும்போது அந்த வேலையை முன்னின்று செய்பவை காஸ்பேஸ் எனப்படும் வேறு நொதிகள்.

இந்த உறுப்பு கண்டுபிடிக்கப்பட்ட கதை ஒன்றே போதும், பிள்ளைகள் அதை மறக்கமாட்டார்கள். பெல்ஜியத்தில் கிறிஸ்டியான் டி டூவ் எலியின் கல்லீரலை அரைத்து ஒரு நொதியை அளந்தபோது, எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. அதே கலவையைச் சில நாள் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து மறுபடி அளந்தால் அளவு கூடியிருந்தது! நொதி ஏதோ ஒரு சவ்வுக்குள் அடைபட்டிருந்திருக்கிறது; நாளானதும் சவ்வு சிதைந்து வெளியே வந்திருக்கிறது. 1955இல் அவர் லைசோசோம் என்று பெயரிட்டது அந்தப் பைக்குத்தான்.

அது செய்யும் வேலையோ வாழவைக்கும் வேலை. எங்கள் கும்பகோணத்தில் ஓட்டை விழுந்த பித்தளைக் குடத்தை யாரும் குப்பையில் போடுவதில்லை. கடையில் எடைக்குப் போட்டால் அது உருகிப் புதுப் பாத்திரமாகிறது. செல்லும் அப்படித்தான் ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா பழுதானால் அதைச் சவ்வால் சுற்றி லைசோசோமிடம் கொடுத்து, கிடைக்கும் மூலப்பொருளை மீண்டும் எடுத்துக்கொள்கிறது. பட்டினி கிடக்கும் ஈஸ்ட்டில் இந்தத் தன்விழுங்கலை ஆராய்ந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் இரத்தச் சிவப்பணு சுமார் 120 நாளில் தேய்ந்து போகிறது. மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் அதை விழுங்கி லைசோசோமில் செரிக்கின்றன. அதில் மீளும் இரும்பு எலும்பு மஜ்ஜைக்குப் போய்ப் புதுச் சிவப்பணுவில் சேர்கிறது.

இந்தப் பையில் ஒரே ஒரு நொதி குறைந்தாலும் என்ன ஆகும் என்பதற்குப் பாம்பே (Pompe) என்ற பரம்பரை நோய் சாட்சி. உடல் சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் உடையாமல் தசையில் தேங்கி, கைக்குழந்தையின் இதயத்தையே வீங்க வைத்துவிடும். இத்தனையும் செய்யும் உறுப்பைத் தற்கொலையோடு முடிச்சுப் போடுவது எந்த வகையில் நியாயம்?

'செரிமானப் பை' என்ற பெயரே இதற்குப் பொருத்தம். அடுத்த இணைப்பில் ஒரு திருத்தமாக அதை வெளியிடுங்கள். படத்தை மாற்ற வேண்டாம், அந்த ஒரு வரியை மாற்றினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
கும்பகோணம்.