ஜூன் லீவுக்கு வரும்போது

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கெடாவில், நம் பீடோங்கில் எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது.

ஜூன் லீவுக்குப் பிள்ளைகளோடு வரும்போது பினாங்கில், பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஹோட்டல் போடப்போவதாகச் சொன்னாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "பார்க்கலாம்மா" என்று முடித்துவிடுவாய். ஹோட்டல் இருக்கட்டும். ஒரு நாளை மட்டும் எனக்குக் கொடு. அதே ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் தெலுக் பஹாங். அங்கே மீனவர் கிராமத்தைத் தாண்டியதும் பினாங்கு தேசியப் பூங்கா.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போனபோது சின்னம்மா வீட்டில் தங்கினேன். தம்பிதான் எங்களை அங்கே கூட்டிப்போனான். முன்பு பந்தாய் ஆச்சே காப்புக்காடாக இருந்ததை 2003இல் தேசியப் பூங்கா ஆக்கினார்களாம். கடலும் சேர்த்து ஏறக்குறைய 2,500 ஹெக்டர்.

பூங்காவுக்குள் இருக்கிற கெராச்சுட் கடற்கரைக்குக் காட்டு வழியாக 3.5 கிலோமீட்டர் போல நடக்க வேண்டும். மலை ஏறி இறங்கும் பாதை, வேரும் கல்லுமாக இருக்கும். ரப்பர் தோட்டத்தில் கத்தியால் கோடு போட்டுப் பால் எடுத்த காலத்திலிருந்து நான் பார்த்த மரமெல்லாம் நிரை பிடித்து நட்ட மரம். பிறகு செம்பனை வந்தது, அதுவும் நிரைதான். இங்கே ஒன்றையும் யாரும் நடவில்லை. தம்பி ஒரு செராயா மரத்தைக் காட்டினான். அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரம். பட்டையில் கை வைத்துப் பார்த்தேன். ஒரு கத்திக்கோடு இல்லை. அந்த இடத்தை விட்டு வர எனக்கு மனமே இல்லை. பிள்ளைகளும் அந்த மரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்குகள் மேலே இருக்கும். தாய் சாம்பல் நிறம், பிறந்த குட்டி மட்டும் ஆரஞ்சு. அவை சாது. வால் நீண்ட மற்றக் குரங்குகள் பையைப் பிடுங்கும், கையில் ரொட்டியை விரித்துவைக்காதே.

கரைக்குப் பக்கத்தில் ஓர் ஏரி இருக்கிறது. மழைக்காலத்தில் மலைத்தண்ணீரும் கடல்தண்ணீரும் அதில் வந்து சேரும். உப்புத்தண்ணீர் கனம் என்பதால் அடியிலும், நல்ல தண்ணீர் மேலேயும் கலக்காமல் நிற்கும். நாங்கள் போனது வெயில் காலம், ஏரி காய்ந்து கிடந்தது. ஏப்ரல், மே மழை நன்றாகப் பெய்தால் நீங்கள் வரும்போது தண்ணீர் இருக்கலாம்.

ஜூனில் வரச் சொல்வதற்கு ஆமைகளும் காரணம். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை பச்சை ஆமைகள் அங்கே கரையேறி முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். மீன் இலாகாவின் ஆமை நிலையத்தில் அவற்றை எடுத்துவந்து, வேலி போட்ட மணலில் திரும்பப் புதைத்துக் காக்கிறார்கள். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண். வெயில் ஏற ஏற ஆண் குஞ்சுகள் குறைந்துபோகும் என்பதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கவலையாகவே இருக்கிறது. பெரிய ஆமை இரவில்தான் வரும், பகலில் அதை எதிர்பார்க்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடு. தொட்டியில் குஞ்சுகள் இருந்தால் பார்க்கலாம். கடலில் மட்டும் இறங்க விடாதே. நீரோட்டமும் ஜெல்லி மீனும் உண்டு.

திரும்பும்போது படகில் வாருங்கள். முக்கா ஹெட் முனையைச் சுற்றித்தான் படகு வரும். மேலே 1883இல் கட்டின கலங்கரை விளக்கம், கீழே அலை அடிக்கிற கருங்கல் பாறைகள். முனை திரும்பியதும், வானம் தெளிவாக இருந்தால், தூரத்தில் நம் ஜெராய் மலை தெரியும். துணி காயப்போடும்போது நான் தினமும் பார்க்கிற அதே மலை! அதை அடையாளம் வைத்துத்தான் அந்தக் காலத்துக் கப்பல்கள் கடாரத்துக்கு, அதாவது நம் கெடாவுக்கு வந்தன. 1025இல் ராஜேந்திர சோழன் படையெடுத்தது அந்தக் கடாரத்தின் மேல்தான். இதைப் பேரனுக்குப் படகில் வைத்து நானே சொல்ல வேண்டும், நீ முந்திக்கொள்ளாதே.

மதியத்துக்கு மேல் கடல் கொந்தளித்தால் படகு ஓடாமல் போகலாம், அதனால் காலையிலேயே நடக்கத் தொடங்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஸ்லிப்பர் வேண்டாம், சப்பாத்து எடுத்துவா. புளிச்சாதம் நான் கட்டித் தருகிறேன். எந்தத் தேதி என்று மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல், தம்பியும் லீவு போட வேண்டும்.

அன்புடன்,
அம்மா