எந்த லென்ஸ் என்று கேட்ட நண்பருக்கு

தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. அண்ணியாருக்கு முழங்கால் வலி குறைந்து, மறுபடியும் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார் என்று படித்தபோது மனத்துக்கு நிறைவாக இருந்தது. இங்கே அனைவரும் நலம். வலக்கண்ணில் புரை முற்றிவிட்டது, அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள், மங்கிய இயற்கை லென்ஸை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்க ஆலோசகர் விலைப்பட்டியலை நீட்டி மூன்று வகைச் செயற்கை லென்ஸ்களைக் காட்டி எது வேண்டும் என்று கேட்கிறார், என்ன சொல்வது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு கண்ணிலும் செய்துகொண்டவன் என்பதாலும், அதன் பிறகு இதைப் பற்றிப் படிப்பதையும் மருத்துவர்களிடம் கேட்பதையும் விடாதவன் என்பதாலும், எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

எந்த லென்ஸ் என்பது இரண்டாவது கேள்விதான். கண்ணாடி இல்லாமல் எந்தத் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே முதல் கேள்வி. உங்களுக்கும் எனக்கும் கல்லூரிக் காலத்திலிருந்தே கிட்டப்பார்வை. மைனஸ் 3 பவர் உள்ள கண்ணுக்கு, கண்ணாடியைக் கழற்றினால், சுமார் 33 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பது கூர்மையாகத் தெரியும். ஒன்றரைச் சாண் தூரம். நீங்கள் ஐம்பது வயதுக்குப் பிறகும் படுக்கையில் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுப் பொடி எழுத்துப் புத்தகம் படித்தது இதனால்தான். நம் வயதுக்காரர்கள் எல்லோரும் படிக்கும் கண்ணாடியைத் தேடி அலைந்தபோது நாம் அலையவில்லை. இந்த வசதியை நாம் ஒருபோதும் ஒரு சொத்தாக எண்ணியதில்லை. புரை அறுவைச் சிகிச்சையில் முதலில் பறிபோவது அதுதான்.

எனக்கு முதலில் இடக்கண்ணில் செய்தார்கள். மறுவாரம் பரிசோதனையில் சுவரில் இருந்த எழுத்து வரிசையைக் கடைசி வரி வரைக்கும் படித்தேன். பவர் கிட்டத்தட்ட பூஜ்யம். மருத்துவர் மகிழ்ந்தார், அவர் மகிழ்ந்ததில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்த மாதமே பேத்தி விரலில் முள் ஏறியதென்று அழுதுகொண்டு வந்தாள். அவள் கையைப் பிடித்து, அறுவை செய்த கண்ணுக்கு நேரே, மூக்கருகே கொண்டு வந்தேன். விரலே ஒரு மங்கலான திட்டாகத் தெரிந்தது. பின்னுக்குக் கொண்டுபோனேன், முள் தெரியவில்லை. எவ்வளவு சிறியதானாலும் கண்ணருகே கொண்டுவந்தால் தெரிந்துவிடும் என்று ஐம்பது ஆண்டுகளாக இருந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று. எந்தத் தூரத்துக்கு லென்ஸ் வைக்கலாம் என்று அந்த மருத்துவமனையில் என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் தூரத்துக்கு வைப்பதுதான் வழக்கம். கணக்குப்படி என் கண் முழு வெற்றி. எனக்கு அது எதிர்பாராத விளைவு.

எதிர்பாராத விளைவு என்று மருத்துவர்கள் சொல்வது வேறு: குறிவைத்த பவர் ஒன்று, கிடைத்த பவர் மற்றொன்று. இது உள்விழி லென்ஸின் முதல் நாளிலிருந்தே கூட வருகிறது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்டு ரிட்லி, 1949 நவம்பர் 29 அன்று, உலகில் முதன்முதலாகச் செயற்கை லென்ஸை ஒரு பெண்மணியின் கண்ணுக்குள் வைத்தார். போர்க்காலத்தில் விமானிகளின் கண்ணில் தெறித்த அக்ரிலிக் துண்டுகள் கண்ணைப் புண்படுத்தாமல் உள்ளேயே இருந்ததைக் கவனித்து, அந்தப் பொருளிலேயே இயற்கை லென்ஸின் வடிவத்தை ஒட்டி அதைச் செய்வித்தார். ஆனால் அந்தப் பொருள் இயற்கை லென்ஸைவிட ஒளியை அதிகமாக வளைக்கும்; ஆகவே அந்த அம்மையாருக்கு ஏறத்தாழ 20 டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு அது) அளவுக்குக் கிட்டப்பார்வை வந்து சேர்ந்தது. அறுவை வெற்றி, பவர் எங்கோ போய்விட்டது. ரிட்லியை நான் குறைத்துச் சொல்லவில்லை. இன்று நம் கண்ணுக்குள் இருப்பதெல்லாம் அவர் போட்ட வழி.

இன்று அப்படிப் பிசகுவதில்லை என்றாலும், பிசகும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. லென்ஸின் பவரைத் தீர்மானிக்க முக்கியமாக இரண்டு அளவுகள் வேண்டும்: கண்ணின் நீளம், கண்ணின் முன்புறத்தில் ஒளியை உள்ளே விடும் படலமான கருவிழியின் வளைவு. சராசரிக் கண்ணின் நீளம் 23.5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் கிட்டத்தட்ட 2.5 முதல் 3 டயாப்டர் வரை தவறும். ஒலியலைக் கருவியைக் கருவிழிமேல் வைத்து அளக்கும்போது சற்றே அழுத்திவிட்டால், கண் உண்மையைவிடக் குட்டையாகக் காட்டும். அதிகப் பவருள்ள லென்ஸைத் தேர்ந்துவிடுவார்கள். நோயாளி கிட்டப்பார்வையோடு வெளியே வருவார். கண்ணைத் தொடாமல் ஒளியால் அளக்கும் கருவி 1999 முதல் புழக்கத்துக்கு வந்த பிறகு இந்தத் தவறு பெரிதும் குறைந்தது. ஆனால் புரை மிகவும் முற்றிவிட்டால் ஒளி உள்ளே போகாது. பழைய ஒலியலை முறைக்கே திரும்ப வேண்டிவரும். ஆகவே நாள் குறித்ததைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை முன்கூட்டி அளக்கவே முடியாது. புரையை எடுத்த பிறகு, இயற்கை லென்ஸ் இருந்த அந்த மெல்லிய பைக்குள் புதிய லென்ஸ் எவ்வளவு உள்ளே போய் உட்காரும் என்பதுதான் அது. அதை, லென்ஸின் பவரைக் கணக்கிடும் வாய்பாடு ஊகிக்கிறது. எஸ்ஆர்கே/டி, ஹாஃபர் கியூ, பேரட் என்று எத்தனையோ வாய்பாடுகள் வந்திருப்பதற்கு அந்த ஊகம் ஒரு காரணம். மிக நீண்ட கண்களிலும் மிகக் குட்டையான கண்களிலும் ஊகம் அதிகம் தவறும். பிரிட்டனில் வகுத்த ஓர் அளவுகோல், 100 பேரில் 85 பேருக்குக் குறியிலிருந்து 1 டயாப்டருக்குள்ளும், 55 பேருக்கு அரை டயாப்டருக்குள்ளும் பவர் அமைய வேண்டும் என்கிறது. இன்று நல்ல கருவியும் நல்ல வாய்பாடும் உள்ள இடங்களில் இதைவிட நன்றாகவே அமைகிறது. இருந்தாலும், எவ்வளவு தேர்ந்த கையானாலும் சிலருக்கு முக்கால் டயாப்டர், ஒரு டயாப்டர் விலகத்தான் செய்யும்; அதைக் கவனக்குறைவு என்று எண்ணிவிடக் கூடாது.

எங்கள் உறவினர் ஒருவர் நாற்பது வயதில் லேசர் செய்து கண்ணாடியை விட்டவர். அந்தச் செய்தியைப் புரை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. லேசர் சிகிச்சை கருவிழியின் முன்பக்கத்தை மட்டும் தட்டையாக்குகிறது. வழக்கமான கருவியோ முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, பின்பக்கமும் பழைய விகிதத்திலேயே இருக்கும் என்று வைத்துக்கொண்டு கருவிழியின் ஆற்றலைக் கூட்டிச் சொல்கிறது. விளைவு, வைத்த லென்ஸ் பலம் குறைந்ததாகி, அவருக்குப் பிளஸ் பவர் வந்தது: தூரத்துக்கும் கண்ணாடி, கிட்டத்துக்கும் கண்ணாடி. உங்களுக்கு லேசர் கதை இல்லை. உங்கள் தம்பி மனைவி செய்துகொண்டதாக நினைவு. அவர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள். பழைய அளவுத் தாள்கள் இருந்தால் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இனி அந்த மூன்று லென்ஸ்கள். விலை அதிகமாகக் காட்டப்பட்டது மல்ட்டிஃபோக்கலாகத்தான் இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த நுண்வளையங்களால் வரும் ஒளியைப் பங்கிட்டு, ஒரு பங்கைத் தூரத்துக்கும் ஒரு பங்கைக் கிட்டத்துக்கும் அனுப்புவது அது. பொருந்தியவர்கள் கண்ணாடியை அறவே விட்டுவிடுகிறார்கள். அவர்களுடைய மகிழ்ச்சியை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் பங்கிட்ட ஒளியில் அழுத்தம் குறையும். மங்கிய வெளிச்சத்தில் எழுத்து சாம்பல்மீது சாம்பலாகத் தெரியும். இரவில் எதிரே வரும் பேருந்தின் முகப்பு விளக்கைச் சுற்றி வளையங்கள் தோன்றும். பலருக்கு மூளை சில மாதங்களில் பழகிக்கொள்கிறது, எல்லோருக்கும் அல்ல. விழித்திரையிலோ கண் நரம்பிலோ கோளாறு இருந்தால் இந்த லென்ஸ் ஆகாது. தங்களுக்குப் பதினைந்து ஆண்டுச் சர்க்கரை. விழித்திரையில் இலேசான கசிவு என்று சென்ற ஆண்டு எழுதியிருந்தீர்கள். ஆகவே யார் எவ்வளவு வற்புறுத்தினாலும் மல்ட்டிஃபோக்கல் வேண்டாம் என்பதே என் திடமான கருத்து.

நடுவில் காட்டியது ஈடாஃப் என்ற நீள்குவிய வகையாக இருக்கலாம். தூரமும் கணினித் தூரமும் கிடைக்கும். பொடி எழுத்துக்குப் பெரும்பாலும் கண்ணாடி வேண்டும். டோரிக் என்ற சொல்லும் காதில் விழலாம்; அது, கருவிழி ஒரு திசையில் அதிகம் வளைந்திருப்பதால் வரும் சிலிண்டர் பவரைச் சரிசெய்வது. கண்ணுக்குள் அது ஒவ்வொரு பாகை திரும்பும்போதும் பலனில் ஏறத்தாழ 3 சதவீதம் குறையும், 30 பாகை திரும்பிவிட்டால் பலனே இல்லை. உங்கள் சிலிண்டர் அரைதான் என்பதால் அது தேவைப்படாது.

நான் சொல்வது மலிவாகத் தெரியும் சாதாரண மோனோஃபோக்கல். அது தாழ்ந்த பொருளன்று. ஒரே தூரத்துக்குத்தான் குவியும், ஆனால் அந்தத் தூரத்தில் அதைப்போல் தெளிவு தருவது வேறில்லை. மதுரையில் 1992-இல் அரவிந்த் கண் மருத்துவமனை சார்பில் ஆரோலேப் தொடங்கி நம்மூரிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகுதான் இது ஏழைக்கும் எட்டியது. அந்த மோனோஃபோக்கலை உங்களுக்குத் தூரத்துக்கு வைக்க வேண்டாம், மைனஸ் 2.75 அளவில் குறிவைக்கச் சொல்லிக் கேளுங்கள். கிட்டப்பார்வைக்காரராகவே நீடியுங்கள். தெருவில் நடக்கவும் தொலைக்காட்சி பார்க்கவும் எப்போதும்போல் கண்ணாடி. புத்தகத்துக்கு எப்போதும்போல் வெறுங்கண்.

இதற்கு இன்னொரு வலுவான காரணமும் இருக்கிறது. வலக்கண் இப்போது மைனஸ் 5, இடக்கண் மைனஸ் 3.25 என்று எழுதியிருக்கிறீர்கள். வலக்கண்ணில் கூடியது புரையால் வந்தது. லென்ஸின் நடுப்பகுதி இறுகும்போது கிட்டப்பார்வை ஏறும். வலக்கண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் இரண்டுக்கும் 3.25 வித்தியாசம் வந்துவிடும். கண்ணாடி போட்டால் இரண்டு கண்ணும் வெவ்வேறு அளவில் உருவத்தைக் காட்டும், தலை சுற்றும். நான் அதைப் பட்டவன். மறு கண்ணையும் அவசரமாக அறுக்க வேண்டியிருந்தது. மைனஸ் 2.75 என்றால் இரண்டும் ஒத்துப்போகும்; இடக்கண்ணை அதற்கு நேரம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். முதல் கண்ணில் கிடைத்த விலகலை வைத்து இரண்டாம் கண்ணின் கணக்கை மருத்துவர் திருத்திக்கொள்ளவும் முடியும்.

என் வலக்கண்ணுக்கு மருத்துவரிடம் முள் கதையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு, மைனஸ் 1.5-இல் வைத்தார். இப்போது இடக்கண் தெருவுக்கு, வலக்கண் செய்தித்தாளுக்கும் கைபேசிக்கும். இதற்குப் பழக முடியுமா என்று முன்னதாகவே காண்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு விரைவிலேயே பழகிவிட்டது. பொடி எழுத்துக்குக் கண்ணாடி வேண்டும்தான்.

அளவெடுக்கும் நாளில் கண் உலர்ந்திருந்தால் கருவிழியின் வளைவு தவறாகப் பதியும். தங்களுக்குக் கண் எரிச்சல் உண்டு என்பதால், சில வாரம் முன்பே மருத்துவரைக் கேட்டுச் சொட்டு மருந்து தொடங்குங்கள். இரண்டு முறை அளந்து வேறு வேறு எண் வந்தால், மூன்றாம் முறை வேறொரு நாளில் அளக்கச் சொல்லக் கூசாதீர்கள்.

அறுவைக்குப் பிறகு காதுப் பக்கத்து ஓரத்தில் பிறை வடிவில் ஒரு நிழல் தெரிந்தால் பயப்படாதீர்கள். மருத்துவரிடம் சொல்லி, விழித்திரையை ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். எனக்குச் சில வாரங்களில் மறைந்தது, பெரும்பாலோருக்கும் அப்படியே. பவர் குறி தவறினாலும் ஒரு மாதம் பொறுங்கள், கண் நிலைகொள்ளட்டும். விலகல் சிறிதானால் கண்ணாடி போதும். பெரிதானால் லேசராலோ, மேலே இன்னொரு மெல்லிய லென்ஸ் வைத்தோ, லென்ஸையே மாற்றியோ திருத்தலாம். மாற்றுவதென்றால் பை இறுகுமுன், முதல் சில மாதங்களுக்குள் செய்வது எளிது. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: பார்வை திருப்தியாக இல்லை என்றவுடன் லென்ஸுக்குப் பின்னாலுள்ள பையின் சுவரில் யாக் லேசரால் துளை போட்டுவிடலாம் என்று சொன்னால், லென்ஸ் மாற்றும் எண்ணம் இல்லை என்று முடிவான பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். அந்தப் பையில் துளை விழுந்துவிட்டால் லென்ஸை மாற்றுவது மிகக் கடினம்.

ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். கட்டை அவிழ்த்த மறுநாள் கொடியில் காய்ந்த வேட்டியை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். அறுவை செய்த கண்ணுக்கு அது வெள்ளை. மற்றக் கண்ணுக்குத் தேநீர்க் கறை ஏறிய துணி. இத்தனை ஆண்டு எதை வெள்ளை என்று எண்ணியிருந்தோம் என்று உங்களுக்கும் தெரியவரும்.

அளவெடுத்ததும் அந்தத் தாளைக் கைபேசியில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். கண்ணின் நீளம், வளைவு, குறிவைத்த பவர் மூன்றும் அதில் இருக்கும். பழைய கண்ணாடிச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். அறுவைக்கு முதல் நாளே நான் அங்கு வந்துவிடுகிறேன், அண்ணியாரிடம் சொல்லிவையுங்கள்.

தங்கள் அன்பு நண்பன்