கூழாங்கல் பூச்சு உதிர்கிறது: சுவரைப் பார்க்க ஓர் ஆளை அனுப்புங்கள்

அனுப்புநர்: திருவொற்றியூர் வாடிக்கையாளர், சென்னை - 19
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: வீட்டு முன்சுவரின் கூழாங்கல் பூச்சு பெயர்ந்து விழுவது தொடர்பாக நான்காவது புகார்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயத்துக்காக உங்களுக்கு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றுக்கும் ‘தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது’ என்ற குறுஞ்செய்தி மட்டும் வந்தது. மூன்று புகார் எண்கள் என் கையில் இருக்கின்றன. சுவரைப் பார்க்க இதுவரை ஒருவரும் வரவில்லை.

கடந்த மே மாதம் உங்கள் ஆட்களே வந்து எங்கள் முன்சுவரில் 320 சதுர அடிக்குக் கலவை இழுத்து, அதன் மேல் கூழாங்கல்லை வீசிப் பூசினார்கள். அடிக்கலவை, 25 கிலோ கூழாங்கல் மூட்டை 15, மேலே அடிக்கும் திரவம், சாரம், கூலி எல்லாம் சேர்த்து 86,400 ரூபாய் கொடுத்தேன். ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன். எந்த மூட்டையில் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அது உங்கள் பொருள். எந்தப் பதத்தில் கல்லை வீச வேண்டும் என்பதும் உங்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீடு கடலிலிருந்து மூன்றாவது தெரு. பெயின்ட் அடித்தால் மறு வருடமே செதில் செதிலாக உரிந்துவிடும். அதனால்தான் உங்கள் விற்பனைப் பிரதிநிதி சொன்னதைக் கேட்டேன். ஸ்காட்லாந்தின் கடலோர வீடுகளில் கல் கலந்த கலவையைச் சுவரில் வீசிப் பூசுவது பல நூற்றாண்டு வழக்கம் என்று அவர்தான் படம் காட்டினார். மழைக்கும் உப்புக் காற்றுக்கும் தாங்கும், இனி பெயின்ட் செலவே இல்லை என்றார். நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை கடைசியில் உதிர ஆரம்பித்தது. ஆகஸ்டில் உங்கள் சேவை எண்ணை அழைத்தேன். இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒருவர் பேசினார். நான் சொல்லி முடிப்பதற்குள், “கடற்கரையில் வீட்டைக் கட்டிவிட்டு எங்களைக் கேட்டால் எப்படி?” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஐயா, இந்த வீட்டை என் தந்தை 1974-இல் கட்டினார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிச் சம்பாதித்த பணம் அது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலைப் பார்த்தபடி குடியிருக்கும் நாங்களெல்லாம் தவறு செய்தவர்களா? கடலோர வீட்டுக்கு ஏற்றது என்று விற்றது யார்? போனில் சிரித்தவருடைய பெயரைக் கேட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார். அந்த உரையாடலின் பதிவு உங்களிடம் இருக்கும். எடுத்துக் கேளுங்கள்.

கோபத்தில் முன்பின்னாக எழுதுகிறேன், மன்னிக்கவும். சுவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பூசிய நாளன்று அக்னி நட்சத்திர வெயில். பகல் ஒரு மணிக்கு மேற்குப் பார்த்த சுவர் முழுவதிலும் ஒரே மூச்சில் கலவையை இழுத்துவிட்டு உங்கள் ஆட்கள் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்து கல்லை வீசியபோது பாதிக் கல் சுவரில் பட்டுத் தெறித்துத் தரையில் விழுந்தது. “இப்படித்தான் விழும், பிறகு பிடித்துக்கொள்ளும்” என்றார்கள். எங்கள் தெருவில் நாற்பது வருடம் கொத்தனாராகக் கரணை பிடித்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் வந்து பார்த்த உடனே சொல்லிவிட்டார்: கலவை ஈரமாக, விரல் வைத்தால் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே கல்லை வீசி, மரப்பலகையால் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். அதற்காகத்தான் கொஞ்சம் கொஞ்சமாக, கைக்கு எட்டும் அளவுக்கு மட்டும் கலவை இழுப்பார்கள். காய்ந்து மேலே ஆடை கட்டிய பிறகு வீசினால் கல் சும்மா தொற்றிக்கொண்டுதான் இருக்கும்.

அவர் சொன்னதை நானே பார்த்தேன். கல் விழுந்த இடத்தில் ஆழமே இல்லாத ஒரு சிறு பள்ளம், முட்டை ஓட்டின் உட்புறம் போல வழவழவென்று இருக்கிறது. விழுந்த கல்லைத் திருப்பினால் அதன் முதுகில் துளிக் கலவைகூட இல்லை. விரலால் தேய்த்தால் மாவு போலத் தூசி வருகிறது. மூட்டையில் ‘கழுவிய கல்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இதைத்தான் கழுவிய கல் என்கிறீர்களா?

பழைய பூச்சையும் அவர்கள் கொத்திவிடவில்லை. பழைய பெயின்டின் மேலேயே கலவையை அப்பிவிட்டார்கள். ஜன்னலுக்குக் கீழே தட்டினால் பானையைத் தட்டுவது போலப் பொக்கென்று கேட்கிறது. தரையிலிருந்து மூன்று அடி உயரம் வரை உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாக நிற்கிறது. வேலை தொடங்குமுன் சுவரில் ஏறும் இந்த ஓதத்தைச் சரி செய்ய வேண்டாமா என்று நான் கேட்டேன். தேவையில்லை என்றார்கள். இப்போது கடற்கரையைக் காரணம் காட்டுகிறீர்கள்.

காலையில் கோலம் போடுவதற்கு முன் என் மனைவி முறத்தில் கூழாங்கல் அள்ளுகிறாள். இதுவரை ஒன்றரைச் சாக்கு. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எங்கள் வாசலில் சறுக்கி விழாத நாளில்லை.

அந்தச் செங்குன்றம் பயணத்தை எப்படிச் சொல்வது? செப்டம்பரில் உங்கள் அலுவலகப் பெண் ஒருவர், பாவம், அவர் மட்டும்தான் மரியாதையாகப் பேசினார், உதிர்ந்த கல்லும் பெயர்ந்த பூச்சும் மாதிரிக்கு வேண்டும், செங்குன்றத்தில் இருக்கும் எங்கள் கிடங்குக்குக் கொண்டுவாருங்கள் என்றார். மாதத்தின் முதல் சனிக்கிழமை. என் மளிகைக் கடைக்கு அதைவிட நல்ல வியாபார நாள் கிடையாது. கடையைச் சாத்திவிட்டு, 11 கிலோ கல்லைச் சாக்கில் கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன். காவலாளி உள்ளே விடவில்லை. இரண்டு மணி நேரம் லாரிகளுக்கு நடுவில் வெயிலில் நின்றேன். எனக்கு வயது 58, சர்க்கரை வேறு. கடைசியில் ஒருவர் வெளியே வந்தார். சாக்கைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “மூட்டையில் போட்டிருந்த தயாரிப்பு எண் வேண்டும், அது இல்லாமல் வாங்க முடியாது” என்றார். மூட்டைகளை உங்கள் ஆட்கள் மே மாதமே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். “அப்படியானால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது” என்று கதவைச் சாத்திவிட்டார். அதே 11 கிலோவைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினேன். அன்றிரவு தோள்பட்டையில் வந்த வலி இன்னும் போகவில்லை. தயாரிப்பு எண் வேண்டும் என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும், ஐயா.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. வேலை நன்றாக இருந்திருந்தால் தெருவில் நான்கு வீட்டுக்கு நானே சொல்லியிருப்பேன். ஆனால் என் நஷ்டம் 86,400 ரூபாயோடு முடியவில்லை. பெயர்த்தெடுத்து மறுபடி பூசும் செலவு, சாத்திய கடை, மருந்து, தை மாதம் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறவர்கள் முன்னால் இந்தச் சுவரோடு நிற்கப்போகும் அவமானம் எல்லாவற்றையும் சேர்த்தால் 4 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. என் தூக்கம் போனதற்கு விலையே இல்லை.

இப்போது அக்டோபர். வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கிறது. பொக்காக இருக்கும் இடங்களில் தண்ணீர் இறங்கினால் பூச்சு பாளம் பாளமாக விழும். கீழே யாராவது நின்றால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்பதை எழுத்திலேயே தெரிவிக்கிறேன்.

ஆகவே, கடிதம் கிடைத்த 10 நாட்களுக்குள் இந்தப் பொருளைப் பற்றித் தெரிந்த ஒருவர் நேரில் வந்து சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு பூச்சு முழுவதையும் கொத்தியெடுத்து, உப்புக்கும் ஓதத்துக்கும் வழி செய்து, மழை முடிந்ததும் உங்கள் செலவில் மறுபடி பூசித்தர வேண்டும். அது முடியாதென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். சிரித்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்துவிட்டு, சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் உண்டு. அந்தப் 11 கிலோ சாக்கைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன், அதுவும் என்னோடு வரும்.

அந்த நிலைக்கு என்னைத் தள்ளாதீர்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை கிடையாது, வீட்டில்தான் இருப்பேன். வருகிறவர் ஒரு மரச்சுத்தியல் எடுத்து வரட்டும். ஜன்னலுக்குக் கீழே தட்டிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், சுவரின் புகைப்படங்கள் 9, முந்தைய மூன்று புகார்களின் நகல்கள்