பெரியவன் வந்துவிட்டான், எல்லோருக்கும் நன்றி

ரேஸில் ஓடி ஓய்ந்து, இப்போது எங்கள் பண்ணையில் குட்டிகளுக்காக வைத்திருக்கும் பொலிகுதிரை பெரியவன், வயிற்று நோயோடு ஆஸ்பத்திரிக்குப் போய், குடலில் ஆபரேஷன் ஆகி, உயிரோடு வீடு திரும்பிவிட்டான். என்ன நடந்தது என்று இதைப் படிக்கிற உங்களுக்கெல்லாம் தெரியும், அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து வந்து ஆபரேஷன் செய்த டாக்டர்கள், மணிக்கொரு தரம் வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் குடல் சத்தம் கேட்ட பெண்கள், முதல் சாணம் விழுந்ததும் எனக்கு முன்னால் அழுதுவிட்ட அந்தப் பயிற்சி டாக்டர், லாடத்தைக் கழற்றி அடிக்குளம்புக்கு மெத்தை கட்டிக் கொடுத்த லாடக்காரர், பெரியவன் மேல் முன்பு சவாரி செய்த ஜாக்கிகள், தினமும் விசாரித்த டிரெய்னர், உங்கள் எல்லோருக்கும் என் கும்பிடு. அப்புறம் ஐஸ் சுமந்து வந்தவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. வயிற்று நோய் முடிந்ததும் குளம்பில் வந்து உட்காருகிற லாமினைட்டிஸை நினைத்துத்தான் நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். குளம்புக்குள் எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய சதை வெந்து விட்டுப்போகும் நோய் அது. 1973-ல் அமெரிக்காவின் பெல்மாண்ட் ஸ்டேக்ஸ் ரேஸை 31 குதிரை நீளம் முன்னால், 2 நிமிடம் 24 விநாடியில் ஓடி முடித்த செக்ரடேரியட் குதிரையையே 1989-ல், 19 வயதில், அதுதான் கொண்டுபோனது. 2006-ல் கென்டக்கி டெர்பி ஜெயித்த பார்பரோ, இரண்டே வாரத்தில் பிரீக்னஸ் ரேஸில் கால் முறிந்து, அத்தனை மாதம் வைத்தியம் பார்த்தும் 2007 ஜனவரியில் போய்ச் சேர்ந்தது, அதற்கும் கடைசியில் எமனாக வந்தது குளம்புதான். இதெல்லாம் தெரிந்தவர்கள் என்பதால்தான் நீங்கள் விடிய விடிய ஐஸ் மாற்றினீர்கள், நான்கு காலும் சில்லென்று இருக்கும்படி பார்த்துக்கொண்டீர்கள். குளம்பில் இன்றுவரை சூடு ஏறவில்லை.

இந்த சீசனில் அவனோடு இணை சேர்க்கப் பெண்குதிரைகளை எழுதி வைத்திருந்த முதலாளிமார்கள் ஒருவர்கூடக் கணக்குக் கேட்கவில்லை. "அவன் பிழைக்கட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றீர்கள். குட்டி பிறக்கப் பதினோரு மாதம், ஒரு சீசன் தவறினால் ஒரு வருஷக் குட்டி போச்சு. அது தெரிந்தும் அப்படிச் சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

சரி, இனி பெரியவனை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த டிரைவர் அண்ணனைப் பற்றி. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் டிரைவர் அண்ணன் என்றே எழுதுகிறேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது, கண் தெளிந்தது, காது நிமிர்ந்தது, ஆனால் பெரியவன் தண்ணீர் குடிக்கவில்லை. வாளியில் மூக்கை விடுவான், மேலுதட்டை நெளித்து நெளித்து மோப்பம் பிடிப்பான், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றுவிடுவான். வாளியை மாற்றினோம், வெதுவெதுப்பாக வைத்தோம், டாக்டர் சொன்னபடி கொஞ்சம் உப்பு நாக்கில் தடவினோம், எதற்கும் அசையவில்லை. கழுத்து நரம்பில் டிரிப் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதை எத்தனை நாள் ஓட்ட முடியும்? நரம்பில் ரத்தம் கட்டிக்கொண்டால் அது வேறு ஆபத்து. தைத்த குடலுக்குள் போகிற தீனி காய்ந்து கெட்டியாகிவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது, உள்ளே அடைத்தால் அடைத்ததுதான். டாக்டர் அம்மா முகம் வாடிப்போய், நாளைக்குள் குடிக்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஊற்ற வேண்டும் என்றார்.

டிரைவர் அண்ணன் எங்களை இறக்கிவிட்டதோடு அவர் வேலை முடிந்துவிட்டது. வேறு குதிரை ஏற்றப் போயிருக்க வேண்டியவர். வழியில் எங்கோ வண்டியை நிறுத்தி, எப்படி இருக்கிறான் என்று கேட்கத்தான் போன் செய்தார். குடிக்கவில்லை என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தம்பி, அவனுக்கு யாரும் வீட்டுத் தண்ணி கொண்டாரலியா?" என்றார்.

நான் பெரியவனைப் பார்த்துக்கொள்ள வந்ததே அவன் ரேஸிலிருந்து ஓய்வு பெற்று பொலிகுதிரையாகப் பண்ணைக்கு வந்த பிறகு. அண்ணன் அதற்கு முன்பிருந்தே அவனை ஏற்றி இறக்கியவர். இரண்டு வயதில் முதல் ரேஸுக்கு, மூன்று வயதில் அந்த 2,400 மீட்டர் பெரிய ரேஸுக்கு, கடைசி வளைவு வரை கூட்டத்துக்குள் ஒளிந்து வந்து நேர்ப்பாதையில் திடீரென்று கழுத்தை நீட்டிக்கொண்டு பறந்தானே, அந்த நாளுக்கும் வண்டி ஓட்டியது அவர்தான். வெளி மைதானத் தண்ணீரை இவன் அந்தக் காலத்திலேயே தொட மாட்டானாம். அப்போது இவனைப் பார்த்துக்கொண்ட சைஸ், அதாவது குதிரைக்காரர், லாயத்துத் தண்ணீரைக் கேன் கேனாக வண்டியில் ஏற்றுவாராம். அந்த சைஸ் இப்போது உயிரோடு இல்லை, அந்த விஷயம் அவரோடு போயிருக்க வேண்டியது. வண்டி ஓட்டியவர் மனசில் மட்டும் தங்கிவிட்டது.

போனை வைத்துவிட்டு அண்ணன் வண்டியைத் திருப்பியிருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை. பண்ணைக்குப் போய், பெரியவன் லாயத்துக்குப் பக்கத்துக் குழாயிலேயே கேன்களை நிரப்பிக்கொண்டு, விடிவதற்கு முன்னால் வந்து நின்றார். டாக்டர் அம்மாவிடம் அனுமதி கேட்டார். அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். அண்ணன் வாளியைத் தன் கையால் கழுவி, அரை வாளி ஊற்றி, தரையில் வைக்காமல் இடது முன்மூலையில் தாழ்வாகத் தொங்கவிட்டார். "இவனுக்கு இடது பக்கந்தான்" என்றார். பெரியவன் மூக்கை விட்டான், உதட்டை நெளித்தான், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு வாயை அழுத்தி வைத்து இழுக்க ஆரம்பித்தான். குதிரை தண்ணீர் குடிப்பதைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு மடக்குக்கும் காது முன்னும் பின்னும் ஆடும், கழுத்தின் அடியில் உருண்டை உருண்டையாகத் தண்ணீர் ஏறிப்போவது தெரியும். அந்த உருண்டைகள் போவதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் பேசாமல் நின்றோம்.

அதோடும் அவர் விடவில்லை. நாங்கள் அங்கே இருந்த வரைக்கும் தினமும் தண்ணீர் வந்தது, தான் வர முடியாத அன்று வேறொரு டிரைவரிடம் கொடுத்து அனுப்பினார். ஆஸ்பத்திரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் கலந்து பழக்கி, கடைசியில் எந்தத் தண்ணீரையும் குடிக்க வைத்தோம். டீசலுக்காவது பணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றதற்கு, "அவன் எனக்கு எவ்வளவோ கொடுத்திருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு இதைப் பற்றித்தான் நினைப்பாகவே இருக்கிறது. குதிரைகளின் வம்சப் பதிவேடான ஸ்டட் புக்கைத் திறந்தால் அப்பன் பெயர், ஆத்தாள் பெயர், வளர்த்த பண்ணை எல்லாம் இருக்கும். ஆண் வழியைப் பிடித்துக்கொண்டே போனால் தரோப்ரெட் என்கிற ரேஸ் இனக் குதிரைகளில் பெரும்பாலானவற்றை 1764-ல் பிறந்து ஒரு ரேஸிலும் தோற்காத எக்லிப்ஸ் வரைக்கும் கொண்டுபோய்விடலாம். ஓடிய ரேஸ், ஜாக்கி, டிரெய்னர், நேரம், எல்லாம் விநாடி சுத்தமாகப் பதிவில் இருக்கிறது. எந்தத் தண்ணீர் குடிப்பான், எந்தப் பக்கம் வாளி வேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. கென்டக்கி ஹார்ஸ் பார்க்கில் செக்ரடேரியட்டின் வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது. அதில் ஜாக்கி ரான் டர்காட் மேலே உட்கார்ந்திருக்க, குதிரையை நடத்திக்கொண்டு அதன் சைஸ் எடி ஸ்வெட்டும் இருக்கிறார். அந்தச் சிலையைச் செய்யச் சொன்னவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் வண்டி ஓட்டியவரைச் சிலையில் நான் எங்கும் பார்த்ததில்லை.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன், எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷக் குட்டிகளில் தொடங்கி, நான் பார்த்துக்கொள்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு. எதைச் சாப்பிடும், எதற்கு மிரளும், எந்தக் காதைத் தொட விடாது, வெளியூர்த் தண்ணீர் குடிக்குமா குடிக்காதா என்று எழுதி, விற்றுப் போகும்போது கடிவாளத்தோடு சேர்த்துக் கொடுத்து அனுப்புவேன். முதல் பயணத்துக்குத் தண்ணீர்க் கேனும் கூடவே போகும். பெரியவனின் மகள் ஒருத்தியைப் பார்த்துக்கொள்கிறவர் போன வாரம் எழுதியிருந்தார், ரேஸுக்கு முதல் நாள் அவளும் வாளியை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறாளாம், யாருக்கும் காரணம் புரியவில்லையாம். அவருக்கு இப்போது பதில் தெரியும். அவன் பிள்ளைகளை வைத்திருக்கும் மற்றவர்களும் ஒரு தடவை வீட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள்.

அடுத்த சீசனைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். தரோப்ரெட்டில் செயற்கைக் கருவூட்டலுக்கு இடமில்லை, அவனே பின்னங்காலில் எழும்பி முழு எடையையும் தாங்க வேண்டும், வயிற்றுத் தையல் அதற்குத் தாங்குமா என்பதை டாக்டர் அம்மா ஸ்கேன் பார்த்துத்தான் சொல்வார். அவர் சரி என்று சொல்லும் வரை ஒரு பெண்குதிரையையும் அவன் பக்கத்தில் கொண்டுவர மாட்டேன், யார் கேட்டாலும். இப்போதைக்குக் காலையும் மாலையும் கையில் பிடித்து நடத்துகிறேன், புல் மேய்கிறான், நன்றாகக் குடிக்கிறான். பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள், கேரட் மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.