ஆண்டறிக்கை: மில்லரைத் தேடிப்போன ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு முழுவதும் ஒரே ஆளைப் பற்றிப் பேசுவது என்று சென்ற பொதுக்குழு முடிவெடுத்தபோது, மூன்று மாதத்தில் சலித்துவிடும் என்று சொன்னவன் நான். அந்தச் சொல்லை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

எடுத்துக்கொண்டவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் முதல்வராயிருந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் வில்லியம் மில்லர். தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு கிறித்தவக் கல்லூரி வாசலைத் தினமும் கடக்கிற நமக்கே அவரைப் பற்றிய தவறான செய்திகள்தாம் நிறைய. கல்லூரியைத் தொடங்கியவர் அவரல்ல. 1837-ல் ஜான் ஆண்டர்சன் ஆர்மீனியன் தெருவில் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. ஸ்காட்லாந்தின் வடகோடியில் துர்சோவில் பிறந்து, பிரஸ்பிட்டேரியன் (மூப்பர்கள் நிர்வகிக்கும் புராட்டஸ்டன்ட் பிரிவு) வழி வந்த சுதந்திரச் சபையின் குருவாகி, 1862-ல் சென்னைக்கு வந்தபோது மில்லருக்கு வயது 24. மற்ற மிஷன்களையும் கூட்டுச் சேர்த்து, 1877-ல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்ற பெயருடன் அதை நிலைநிறுத்தினார். சொந்தப் பணத்தையும் அதில் போட்டார். 1907 வரை அவரே முதல்வர். கல்லூரி தாம்பரத்துக்கு வந்ததோ 1937-ல். அதற்கு 14 ஆண்டு முன்பே எடின்பரோவில் அவர் காலமாகிவிட்டார்.

ஆகஸ்ட் கூட்டம் இரவு ஒன்பதரை வரை நீண்டது. காவலாளி இரண்டு முறை விளக்கை அணைத்துக் காட்டினார். விவாதம் இதுதான்: அவர் பாதிரியாரா, வாத்தியாரா? இத்தனை செலவழித்தும் ஞானஸ்நானம் பெறுவோர் இவ்வளவு குறைவா என்று மிஷன் வட்டாரத்தில் முணுமுணுத்தார்கள். கல்லூரியின் வேலை நிலத்தைப் பண்படுத்துவது, அறுவடை அல்ல என்பது மில்லர் கட்சி. ஆனால் 1888-ல் மதமாற்ற அச்சத்தால் மாணவர்களே வகுப்பைப் புறக்கணித்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அப்படியும் 1896-ல் அவருடைய சபை அவரைத் தலைமைப் பொறுப்பில் அமர்த்தியது. 1901-ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். அதே ஆண்டில், உயிரோடிருக்கும்போதே, சென்னையில் அவருக்குச் சிலையும் எழுந்தது. இதைக் கேட்டதும் நம் மூத்த உறுப்பினர் ஒருவர், “அப்படியானால் மாணவர்கள் மன்னித்துவிட்டார்கள்” என்றார். எனக்கென்னவோ, மன்னித்தது மில்லர்தான் என்று தோன்றுகிறது. விவாதம் முடியவில்லை.

ஜனவரியில், பள்ளியைத் தொடங்கிய ஆண்டர்சனின் பெயர் தாங்கிய தேவாலயத்தைப் பார்க்க 14 பேர் பாரிமுனைக்குப் போனோம். நடைபாதையில் நின்று நான் குறிப்பை வாசித்தபோது பஸ் ஹாரனே அதிகம் கேட்டது. பை விற்பவர் ஒருவர், “எந்தக் கட்சி சார்?” என்று கேட்டார். “பள்ளிக்கூடக் கட்சி” என்றார் பொருளாளர். கூடவே பை ஒன்றும் வாங்கினார். அது சங்கக் கணக்கில் சேராது.

வரவு செலவு தனியே சுற்றுக்கு விடப்பட்டுள்ளது. சந்தா பாக்கி ஆறு பேர், பெயர்களை வாசிக்கவில்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பற்றி மில்லர் எழுதியதன் நகலில் ‘கிங் லியர்’ நாடகம் பற்றிய பகுதியை மட்டும் காணவில்லை. வைத்திருப்பவர் இந்த ஞாயிறுக்குள் திருப்பித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்